வால்யூம் லைசென்ஸ் கீ எங்கே கிடைக்கும்? கையில் அக்ரிமென்ட் எண் மட்டும்தான் இருக்கிறது

கேள்வி | பேட்ச்கார்டு

42 கணினிகள், 3 சர்வர்கள். கணினிகளில் விண்டோஸ் 11 என்டர்பிரைஸ், ஆஃபீஸ் எல்டிஎஸ்சி 2021. எல்லாம் வால்யூம் லைசென்ஸில் (நிறுவனங்கள் மொத்தமாக வாங்கும் உரிமம்) வாங்கியவை. முன்பு பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டுவிட்டார். அக்ரிமென்ட் எண் உள்ள தாள் ஒன்றுதான் மிச்சம். இப்போது புதிதாக 8 கணினிகளில் ஏற்ற வேண்டும்.

கீ எடுக்கும் டூல் ஒன்றை இரண்டு பழைய கணினிகளில் ஓட்டினேன். ஒன்றில் ஐந்து கட்டத்திலும் வெறும் 'பி' எழுத்தாகவே வருகிறது. இன்னொன்றில் முழு கீ வந்தது. அதைப் புதுக் கணினியில் போட்டால் ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ஆக்டிவேட் செய்யும்போது 0xசி004எஃப்074 பிழை. சரியான கீயை எங்கிருந்து எடுப்பது?

பதில் | ரேக்யூனிட்

டூலை மூடிவிடுங்கள். வால்யூம் கீயைக் கணினியிலிருந்து தோண்டி எடுக்க முடியாது. அந்த 'பி' வரிசை மேக் கீ (எம்ஏகே, பல கணினிகளில் போடக்கூடிய வால்யூம் கீ) போட்ட கணினிக்கு அடையாளம்: ஆக்டிவேட் ஆனதும் கீயை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் விட்டுவைப்பதில்லை. முழுதாக வந்த கீ அநேகமாக ஜிவிஎல்கே, அதாவது வால்யூம் பதிப்புகளுக்கான பொதுக் கீ. அதை மைக்ரோசாஃப்டே தன் தளத்தில் பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறது. உலகத்துக்கே ஒரே கீ. 'நான் கேஎம்எஸ் சர்வரைத் தேடிப் போகிறேன்' என்று விண்டோஸுக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. கேஎம்எஸ் சர்வர், அதாவது ஹோஸ்ட், நிறுவனத்துக்குள்ளேயே இருந்து மற்ற கணினிகளை ஆக்டிவேட் செய்வது.

முதலில் எந்த வகை என்று பாருங்கள். அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்வி'. டிஸ்கிரிப்ஷன் வரியின் கடைசியில் சேனல் பெயர் இருக்கும். வால்யூம் கேஎம்எஸ்கிளையன்ட் என்றால் உள்ளே எங்கோ கேஎம்எஸ் ஹோஸ்ட் ஓடுகிறது, அதன் பெயரும் கீழே வரும். வால்யூம் மேக் என்றால் மைக்ரோசாஃப்டிடம் நேரடியாக ஆக்டிவேட் ஆனது. ஓஇஎம் டிஎம் என்றால் அது கணினியோடு வந்த லைசென்ஸ், உங்கள் அக்ரிமென்டுக்குச் சம்பந்தமில்லை. கீயின் கடைசி ஐந்து எழுத்தும் அங்கேயே காட்டும். குறித்து வையுங்கள், பிறகு மைக்ரோசாஃப்டின் லைசென்ஸ் போர்ட்டலில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

பதில் | கட்டளைவரி

கீ இருக்கும் இடம்: வால்யூம் லைசென்ஸ் வேலைகளெல்லாம் இப்போது மைக்ரோசாஃப்ட் 365 அட்மின் சென்டருக்குள் போய்விட்டன. பில்லிங், அதில் யுவர் புராடக்ட்ஸ், அதில் வால்யூம் லைசென்சிங். டவுன்லோட்ஸ் அண்ட் கீஸ் பக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் கீயும் அது மேக்கா கேஎம்எஸ்ஸா என்பதும் இருக்கும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. குளோபல் அட்மினாக இருந்தாலும் இந்தப் பகுதி தானாகத் தெரியாது. வால்யூம் லைசென்ஸ் அனுமதி தனி. அக்ரிமென்டில் பதிவான மின்னஞ்சலோடு கட்டப்பட்டது. போனவரின் மெயில்பாக்ஸ் உங்கள் டொமைனில்தான் இருக்கிறதென்றால் அதை அழித்துவிடாதீர்கள். வேறு யாருக்கும் அனுமதி இல்லையென்றால் அக்ரிமென்ட் எண்ணோடு வால்யூம் லைசென்சிங் சப்போர்ட்டில் கேட்டு உங்கள் அலுவலக முகவரியை அட்மினாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். விற்ற ரீசெல்லரையும் கூடவே பிடியுங்கள், அக்ரிமென்டில் தொடர்பாளராக யார் பெயர் இருக்கிறது என்பது அவரிடம் இருக்கும்.

பதில் | பேட்ச்கார்டு

டிஎல்வி பார்த்தேன். 40 கணினிகளில் கேஎம்எஸ்கிளையன்ட், ஹோஸ்டாக நம் சர்வர் ஒன்றின் பெயர். இரண்டில் மட்டும் மேக். அப்படியென்றால் போர்ட்டலில் உள்ள கேஎம்எஸ் கீயை 8 கணினிகளிலும் போடலாமா?

பதில் | ரேக்யூனிட்

கூடவே கூடாது! போர்ட்டலில் இருக்கும் கேஎம்எஸ் கீ ஹோஸ்டுக்கானது. கிளையன்டில் போட்டால் அந்தக் கணினியே ஒரு கேஎம்எஸ் ஹோஸ்டாக மாறிவிடும். ஒரு ஹோஸ்ட் கீ 6 கணினிகளுக்குத்தான், ஒவ்வொன்றிலும் 10 முறை. ஏழாவதில் 0xசி004சி008 வந்து நிற்கும். அதற்குள் டிஎன்எஸ்ஸில் (நெட்வொர்க்கின் பெயர்ப் பட்டியல்) ஹோஸ்ட் என்று ஆறு பெயர் பதிவாகி, மற்ற கணினிகள் எங்கே போவதென்று தெரியாமல் அலையும்.

உங்களுக்குப் புதுக் கீயே வேண்டாம். நீங்கள் போட்ட ஜிவிஎல்கே சரிதான். எஃப்074 என்றால் ஹோஸ்டைத் தொட முடியவில்லை என்று பொருள். புதுக் கணினிகளை அலுவலக நெட்வொர்க்கின் டொமைனில் சேர்த்துவிட்டீர்களா? சேர்க்காவிட்டால் டிஎன்எஸ் சஃபிக்ஸ் இருக்காது, '_விஎல்எம்சிஎஸ்._டிசிபி' என்ற, ஹோஸ்ட் எங்கே என்று காட்டும் எஸ்ஆர்வி பதிவு கண்ணில் படாது. டொமைனில் சேர்க்க முடியாத கணினி என்றால் 'எஸ்எல்எம்ஜிஆர் /எஸ்கேஎம்எஸ்' கொடுத்து ஹோஸ்ட் பெயர், முக்காற்புள்ளி, 1688 என்று கைப்படச் சொல்லி, பிறகு '/ஏடிஓ' கொடுத்து ஆக்டிவேட் செய்யுங்கள். ஹோஸ்டின் ஃபயர்வாலில் டிசிபி 1688 திறந்திருக்க வேண்டும். ஹோஸ்டுக்கும் கிளையன்டுக்கும் கடிகாரம் 4 மணி நேரத்துக்கு மேல் விலகினாலும் இதே பிழைதான் வரும்.

பதில் | கட்டளைவரி

இன்னும் இரண்டு. விண்டோஸ் கிளையன்டுக்கு ஹோஸ்ட் 25 கணினிகளை எண்ணிய பிறகுதான் ஆக்டிவேட் செய்யும்; சர்வருக்கும் ஆஃபீஸுக்கும் 5. உங்களிடம் 40 இருப்பதால் கவலையில்லை. ஆனால் ஒரே இமேஜை சிஸ்பிரெப் ஜெனரலைஸ் செய்யாமல் (கணினிக்குரிய அடையாளங்களை நீக்காமல்) நகலெடுத்தால் சிஎம்ஐடி (ஹோஸ்ட் கணினியை அடையாளம் காணும் எண்) ஒன்றாகவே இருக்கும், எட்டையும் ஒன்றாகத்தான் ஹோஸ்ட் எண்ணும். 180 நாளுக்குள் ஒருமுறையாவது ஹோஸ்டைத் தொட வேண்டும் என்பதால், வெளியிலேயே இருக்கும் மடிக்கணினிகளுக்கு மேக் போடுவதே மேல். உங்கள் இரண்டு மேக் கணினிகளும் அப்படிப்பட்டவையாக இருக்கலாம். மேக் கணினியை ஃபார்மட் செய்து கீயைத் திரும்பப் போட்டால் அனுமதித்த ஆக்டிவேஷன் எண்ணிக்கையில் இன்னொன்று கழியும், திரும்பி வராது.

லைசென்ஸ் பக்கமும் பாருங்கள்: வால்யூமில் வரும் விண்டோஸ் என்டர்பிரைஸ் மேம்படுத்தல் லைசென்ஸ் மட்டுமே. எட்டுக் கணினியும் புரோ போன்ற தகுதியான விண்டோஸோடு வந்திருக்க வேண்டும்.

பதில் | பேட்ச்கார்டு

டொமைனில் சேர்த்ததும் எட்டிலும் விண்டோஸ் ஆகிவிட்டது. நன்றி. ஆஃபீஸ் மட்டும் ஜிவிஎல்கேயை வாங்கவே மாட்டேன் என்கிறது. பழையவற்றில் ஓடுகிறதே.

பதில் | ரேக்யூனிட்

புரோகிராம் ஃபைல்ஸில் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், அதற்குள் ஆஃபீஸ்16 கோப்புறைக்குப் போய் 'சிஸ்கிரிப்ட் ஓஎஸ்பிபி.விபிஎஸ் /டிஸ்டேட்டஸ்' ஓட்டுங்கள். லைசென்ஸ் பெயரில் ரீடெயில் (தனித்தனியாக விற்கும் பதிப்பு) என்று வந்தால் ஏற்றியதே தவறான பதிப்பு. வால்யூம் கீயை ரீடெயில் ஆஃபீஸ் ஏற்காது. அதை நீக்கிவிட்டு ஆஃபீஸ் டிப்ளாய்மென்ட் டூலில், எக்ஸ்எம்எல் கோப்பில் சேனல் 'பெர்பெச்சுவல்விஎல்2021', புராடக்ட் ஐடி 'புரோபிளஸ்2021வால்யூம்' என்று கொடுத்து மறுபடி ஏற்றுங்கள். ஹோஸ்டில் ஆஃபீஸுக்கான கீ ஏற்கெனவே ஓடுவதால் அங்கே எதையும் தொட வேண்டாம்.