யோட்காட்டனா, கோட்கட்டனா? ஸ்டொக்ஹோம் தெருப் பெயரைத் தமிழில் எழுதுவது எப்படி?

அட்டன்வாசி:
கல்யாணக் கார்டில் மாப்பிள்ளையின் ஸ்டொக்ஹோம் விலாசம் போட வேண்டும். ஜி, மேலே இரு புள்ளி வைத்த ஓ, டி, பிறகு ஜி-ஏ-டி-ஏ-என். அச்சகத்தில் ‘கோட்கட்டன் வீதி’ என்று அடித்திருக்கிறார்கள். சரியா? அர்த்தம் என்ன? பெரியப்பா வீட்டு விலாசம் ‘ஊலொஃப் பால்மஸ் காட்டா’. அதில் ஏன் ‘ன்’ இல்லை?

பதுளை மைந்தன்:
அச்சுக்குப் போகுமுன் மாற்றிவிடுங்கள், அது ‘யோட்காட்டன்’. சுவீடிஷ் மொழியில் அழுத்திச் சொல்லும் அசையில் ஜி-க்குப் பின் ஈ, ஐ, வை அல்லது இரு புள்ளி வைத்த எழுத்து வந்தால் ஒலி ‘ய’. வெறும் ஏ வந்தால் ‘க’. ஒரே பெயரில் முதல் ஜி ‘ய’, அடுத்தது ‘க’. நாம் கோத்தன்பர்க் என்கிற நகரை அங்குள்ளவர்கள் ‘யோட்டெபொரி’ என்பதும் இப்படித்தான். அந்த ஓவுக்குத் தமிழில் எழுத்தே இல்லை. ‘ஏ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஓ’வுக்குக் குவித்துப் பாருங்கள், வந்துவிடும்.

‘வீதி’யை எடுத்துவிடுங்கள். காட்டா என்றாலே தெருதான். ‘காட்டன் வீதி’ என்றால் அரைஞாண் கயிறு கதை. ‘யோட்’ என்பது தெற்கே உள்ள யோட்டாலாந்து. ஸ்லுசனில் தொடங்கி சோடர்மால்ம் தீவை ஊடறுத்து ஸ்கான்ஸ்டுல் வரை, அந்தத் திசைக்குப் போன பழைய பாதை இது.

நானுஓயா தங்கை:
பதுளை அண்ணன் சொன்னது சரி. கடைசி ‘ன்’ ‘குறிப்பிட்ட அந்தத் தெரு’ என்று சுட்டுகிற விகுதி. முன்னால் ‘இன்னாருடைய’ என்று ஆளின் முழுப்பெயர் வந்தால் விகுதி போய்விடும், சொற்களும் பிரிந்து நிற்கும். 1986இல் பிரதமர் பால்மே சுட்டுக் கொல்லப்பட்டதும், துன்னெல்காட்டன் தெருவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரை அப்படித்தான் வைத்தார்கள். ‘பிர்யெர் யார்ல்ஸ்காட்டன்’ இந்த விதிக்கு அடங்காத பழைய பெயர். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணப் பக்கமென்றால் ‘யோற்காற்றன்’ என்று எழுதுவார்கள், ரொறன்ரோ மாதிரி. அதுவும் பிழையில்லை. நம் ஊரையே அட்டன், ஹட்டன் என்று இரண்டு விதமாக எழுதுகிறோமே! ஒரு கார்டில் ஒரே முறை இருந்தால் போதும்.

தலவாக்கலை:
பார்சலில் தமிழ் எழுத்து வேண்டாம். தெருப் பெயர் முதலில், வீட்டு இலக்கம் அதன் பின்னால். நம் வழக்கத்துக்கு நேரெதிர். அடுத்த வரியில் ஐந்து இலக்கத் தபால் குறியீடு (மூன்றுக்குப் பின் இடைவெளி), அதோடு நகரம். பேனாவால் எழுதினால் இரு புள்ளியை வையுங்கள். இணையப் படிவம் புள்ளியை ஏற்காவிட்டால் வெறும் ஓ போடலாம், குறியீடு சரியாக இருக்க வேண்டும். வரைபடத்தின் அகரவரிசையில் தேடினால் அந்த எழுத்து ஓ வரிசையில் இருக்காது, 29 எழுத்துகளில் அதுதான் கடைசி. இன்னொன்று: கதவிலுள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார்கள். மாப்பிள்ளை வேறொருவர் வீட்டில் தங்கியிருந்தால், மே/பா என்று நாம் எழுதுவதுபோல் ஆங்கிலத்தில் அந்த வீட்டுக்காரர் பெயரையும் சேருங்கள். இல்லாவிட்டால் திரும்பி வந்துவிடலாம்.