கொரங்காட்டில் மண் அரிப்பு: உங்கள் காட்டில் எப்படி?

தாராபுரம் பக்கத்திலிருந்து:

மழை போதவில்லை, அதனால்தான் கொரங்காட்டில் (வேலி போட்டு மாடு மேய்க்கும் மானாவாரி நிலம்) புல் இல்லை என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிப் பழி மழைக்குச் சேராது. பெய்கிற மழை காட்டில் நிற்பதில்லை.

எங்கள் கொரங்காடு லேசான சரிவு. மேலே கொஞ்சம் செம்மண், கீழே சரளை. முன்பு நாலு பக்கமும் கிளுவை முள்மரத்தை நட்டு வளர்த்த உயிர்வேலி. பங்கு பிரித்தபோது கீழ்ப்புறத்தில் அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவேலி போட்டார்கள். கிளுவை இருந்தவரை சருகும் வண்டலும் அதன் அடியில் தேங்கும். காட்டிலேயே அந்த ஓரத்தில்தான் புல் நன்றாக இருக்கும். கம்பி எதைத் தடுக்கும்? ஐப்பசி மழைக்குச் செந்தண்ணீர் நேராக இட்டேரியில் (காடுகளுக்கு இடையிலான வண்டிப்பாதை) இறங்குகிறது.

குனிந்து புல்லின் தூரைப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். மாடு விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப் புல் ஒவ்வொரு தூரும் நாலு விரற்கடை உயர மண் திட்டின்மேல் நிற்கிறது. தூர் மேலே வரவில்லை, சுற்றியிருந்த மண்தான் போய்விட்டது. வேர் வெளியே தொங்குகிறது. மாடு நாக்கைச் சுழற்றி இழுத்தால் தூரோடு வந்துவிடுகிறது. இடையில் உள்ள தரை மழைத்துளி அடித்து அடித்து ஓடாக இறுகிக் கிடக்கிறது. விதை விழுந்தாலும் அடுத்த மழையில் அடித்துக்கொண்டு போகும். வேரூன்றியது ஆவாரையும் துடைப்பப் புல்லும்தான். தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சை. மாடு வாய் வைக்காது.

வறண்ட மாதங்களில் வெள்வேல மரத்துக் காய் உதிர்ந்து மாட்டுக்குத் தீனியாக ஓரளவு தாங்குகிறது. அதை மட்டும் நம்பி எத்தனை உருப்படி வைத்திருப்பது? இரண்டு மாட்டை விற்றாயிற்று.

கரூர் பக்கத்திலிருந்து:

அண்ணா, எங்களுக்குக் கிளுவை வேலி அப்படியே இருந்தும் மண் போனதுங்க. குத்தகைக்கு எடுத்தவர் காட்டைப் பட்டிகளாகப் பிரித்த உள்தடுப்புகளை எல்லாம் திறந்துவிட்டு, காடு முழுக்க வருஷம் பூராவும் செம்மறியை மேய்த்தார். பட்டி மாற்றி மேய்த்தால்தானே புல்லுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

இப்போது சரிவுக்குக் குறுக்கே சின்ன வரப்பும், வரப்பு நிற்காத இடத்தில் வெட்டிய முள்ளும் போட்டிருக்கிறோம். முள்ளுக்கு மேல்பக்கம் வண்டல் படிகிறது, முதல் புல் அங்கேதான் முளைத்தது. கொழுக்கட்டை விதை பஞ்சு போல லேசு. அப்படியே வீசினால் பறந்துவிடும். செம்மண்ணும் சாணமும் சேர்த்து உருட்டிப் போடுங்கள். புது விதை சரியாக முளைக்காது, சில மாதம் வைத்திருந்த விதையாகப் பார்த்து வாங்குங்கள்.

தாராபுரம் பக்கத்திலிருந்து:

சரிங்க, முள் போட்டுப் பார்க்கிறேன். முழுக் காட்டையும் உழுதுவிட்டு விதைக்கலாமா?

கரூர் பக்கத்திலிருந்து:

வேண்டாங்க. உங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கும். ஆடியில் உழுது போட்டால் தண்ணீர் அரிக்காமல் விட்டுவைத்த மண்ணையும் காற்று அள்ளிவிடும். புரட்டாசிக் கடைசியில் முதல் மழை பார்த்து, மொட்டையாகக் கிடக்கும் இடத்தில் மட்டும் சரிவுக்குக் குறுக்கே கீறி விதையுங்கள். தூர் பிடிக்கும்வரை அந்தப் பக்கம் மாட்டை விடாதீர்கள்.