புதுப்பிப்பு: யாழ்ப்பாணம் பண்ணைக் கடலில் வெள்ளாட்டு முடி ஃப்ளை

நோர்வேயில இருந்து அண்ணை கொண்டுவந்த ட்ரவுட் ஃப்ளைகள் (ட்ரவுட் மீனுக்கெண்டு முடி, இறகால தூண்டில் முள்ளில கட்டின போலி இரை) பண்ணைக் கடலுக்குச் சரிவருமோ எண்டு தையில கேட்டிருந்தன். சரிவரேல்லை. அவை ஆத்துக்குக் கட்டினவை: பருவத் தொடக்கத்தில, குளிர்தண்ணியில அடியோட கிடக்கிற மீனுக்கு, செப்புக்கம்பி சுத்தின சின்ன நிம்ஃப், அதாவது தண்ணிப்பூச்சிக் குஞ்சு மாதிரிக் கட்டின ஃப்ளை. உப்புத்தண்ணியில முள் கெதியாத் துருப்பிடிச்சிட்டுது.

உங்களில ஒராள் சொன்ன கிளவுசர் மின்னோ எண்ட, சின்னமீன் மாதிரியான ஃப்ளைதான் கைகொடுத்தது. 1987இல பொப் கிளவுசர் அமெரிக்காவில சஸ்குவஹன்னா ஆத்து பாஸ் மீனுக்கெண்டு கட்டினது. மான்வால் முடிக்குப் பதிலா வெள்ளாட்டு முடி போட்டன். கண்ணுக்குச் சாவிச் சங்கிலி மணி இரண்டு. அந்தப் பாரத்தாலதான் முள் மேல்பக்கம் திரும்பி நிக்கும், சாதாளையில அவ்வளவா மாட்டாது. முடியை மட்டும் குறைச்சுக் கட்டுங்கோ! நான் முதல் கட்டினது தும்புக்கட்டை மாதிரி, நீந்தவேயில்லை.

நேற்றுப் பின்னேரம் வத்துத் தொடங்கேக்க பாலத்தடியில எறிஞ்சன். மூண்டாவது எறிவில கொடுவா, ஒண்டரைக் கிலோ வரும். அந்த இழுவை இன்னும் கையில நிக்குது. அம்மா பாதியைக் குழம்பு வச்சிட்டா.

இந்தமுறை துருப்பிடிக்காத முள். எண்டாலும் நல்லதண்ணியில கழுவித்தான் வச்சனான். அடுத்ததுக்குச் சேவல் கழுத்திறகு எடுத்து வச்சிருக்கிறன்.