(ம + 6)(ந + 6) = 36: இந்த முறைக்குச் 'செவ்வகப்பூர்த்தி' என்று பெயர் வைக்கலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

முழுக்களை மூலங்களாகக் கொண்ட இருபடிச் சமன்பாடுகளைப் பற்றிய இந்த இழையில், ஒரு எண்ணைக் கூட்டி, இரு மாறிகளின் பெருக்கல் வரும் கோவையை இரண்டு காரணிகளாக்கும் முறை பெயரில்லாமல் நிற்கிறது. நம் சொற்பட்டியலில் அதற்கு வைக்க மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: சைமன் உத்தி, பாவிதம், காரணி நிரப்பல். நான் 'செவ்வகப்பூர்த்தி' என்பதை முன்வைக்கிறேன். ஒரு கணக்கைப் பல வழியில் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும்.

1991ஆம் ஆண்டு ஏ.ஐ.எம்.இ. என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் கணிதப் போட்டியின் 8ஆம் கணக்கு இது: ய² + கய + 6க = 0 என்ற சமன்பாட்டின் மூலங்கள் முழுக்களாகவே இருக்க வேண்டும் என்றால், க என்ற மெய்யெண்ணுக்கு எத்தனை மதிப்புகள் உண்டு? விடை 10. (எழுத்துகளையும் தமிழிலேயே போடுகிறேன். பழைய கணித அறிஞர் பாஸ்கரர் தெரியாத அளவுகளை யா, கா, நீ என்றுதான் எழுதினார், நமக்கும் பழகிவிடும்.)

பள்ளியில் படித்தவர்களுக்கு முதலில் கை போவது தன்மைகாட்டியில், அதாவது மூலங்களுக்கான சூத்திரத்தில் வர்க்கமூலத்துக்குள் இருக்கும் கோவையில். க² − 24க ஒரு முழு வர்க்கமாக இருக்க வேண்டும். அதை வ² என்று வைத்து வர்க்கப்பூர்த்தி செய்தால் (க − 12)² − வ² = 144. இடப்பக்கம் இரண்டு காரணிகளாகப் பிரியும். அவற்றின் வித்தியாசம் 2வ, அதாவது இரட்டை எண். எனவே இரண்டும் இரட்டை, இல்லையென்றால் இரண்டும் ஒற்றை. பெருக்கற்பலன் 144 என்பதால் ஒற்றைக்கு வழியில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு 2ஐ வெளியே எடுத்தால் மிஞ்சும் பெருக்கற்பலன் 36. அப்புறம் எண்ண வேண்டியதுதான்.

வழி சரிதான், ஆனால் இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும். கணக்கு க-வை மெய்யெண் என்றுதான் சொல்கிறது. அது முழு என்பதை முதலில் மூலங்களின் கூடுதலைக் கொண்டு சொல்லியாக வேண்டும். கடைசியில் (−க ± வ)/2 முழுதானா என்றும் பார்க்க வேண்டும். வ² = க² − 24க என்பதால் க இரட்டையானால் வ-வும் இரட்டை, ஒற்றையானால் ஒற்றை; ஆகவே பிரச்சினை இல்லை. ஏ.ஐ.எம்.இ.யில் 000 முதல் 999 வரையிலான ஒரு விடையை மட்டும் குறித்தால் போதும், அதனால் இந்த வரி இல்லாமலும் மதிப்பெண் கிடைத்துவிடும். நிறுவலாக எழுதும்போது விடக் கூடாது.

இன்னொரு வழி, க-வைத் தனியே பிரித்து வகுப்பது. க = −ய²/(ய + 6), அதாவது க = −(ய − 6 + 36/(ய + 6)). எனவே ய + 6 என்பது 36இன் வகுத்தி. மிகையும் குறையுமாக 18 வகுத்திகள். இங்கே 18 என்று எழுதிவிட்டு எழுந்துபோகும் ஆபத்து இருக்கிறது. ஒரே க இரண்டு ய-களில் வரும்; க = 0, க = 24 ஆகிய இரண்டில் மட்டும் மூலங்கள் சமம். ஆக (18 + 2)/2 = 10.

இனி நாம் பெயர் தேடும் முறை. மூலங்கள் ம, ந என்க. ம + ந = −க, ம×ந = 6க. க-வை நீக்கினால்

ம×ந + 6ம + 6ந = 0

இருபுறமும் 36 கூட்டினால்

(ம + 6)(ந + 6) = 36

36ஐ 1×36, 2×18, 3×12, 4×9, 6×6 என்று 5 விதமாக எழுதலாம். இரண்டு காரணிகளும் குறையாக இருந்தால் இன்னொரு 5. க என்பது 12இலிருந்து காரணிகளின் கூடுதலைக் கழித்தது: −25, −8, −3, −1, 0, பிறகு 49, 32, 27, 25, 24. க முழுதானா, மூலம் முழுதானா என்று தனியாகக் கேட்கவே தேவையில்லை. ம, ந முழுக்கள் என்று தொடங்கினோம், கடைசி வரை முழுக்களுக்குள்ளேயே இருந்தோம். எனக்கு இதுதான் மிகச் சுத்தமான தீர்வு.

மூன்று வழியிலும் அதே 36தான் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பது மூன்றாவதில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ம நீளமும் ந அகலமும் உள்ள ஒரு செவ்வகத்தை வரையுங்கள். வலப்புறம் 6 அகலத்தில் ஒரு பட்டை, மேலே 6 உயரத்தில் ஒரு பட்டை. இந்த மூன்றின் பரப்புகளைக் கூட்டினால் ம×ந + 6ம + 6ந. மூலையில் 6×6 சதுரம் மட்டும் காலியாக இருக்கும். அதை அடைத்தால் செவ்வகம் முழுமையாகிறது. 36 அந்த மூலை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'வர்க்கப்பூர்த்தி முறை' இருக்கிறது. ய² + 10ய = 39 என்ற சமன்பாட்டைப் பழைய கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி சதுரம் வரைந்து, மூலையில் 25ஐ அடைத்துத் தீர்த்ததும் அதே வேலைதான். பக்கங்கள் சமமாக இருந்தால் வர்க்கப்பூர்த்தி, சமமாக இல்லாவிட்டால் செவ்வகப்பூர்த்தி. முன்னதைத் தெரிந்த மாணவருக்குப் பின்னதை விளக்கவே வேண்டாம்.

மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன். 'சைமன் உத்தி' ஆங்கிலத்தில் இணையவழி மாணவர்கள் நடுவே செல்லப்பெயராகப் பரவியது. முறை என்ன செய்கிறது என்பதை அது சொல்வதில்லை. 'காரணி நிரப்பல்' என்றால் நிரப்புவது காரணியை என்று பொருள்படும், ஆனால் நிரப்புவது மூலையை.

'பாவிதம்' வலுவான பரிந்துரை. இந்த இழையில் அதை முன்மொழிந்த அம்மா சொன்னது முழுக்க உண்மை: 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் பீஜகணிதத்தில் தெரியாத அளவுகளின் பெருக்கல் வரும் சமன்பாடுகளைப் பாவிதம் என்று தனியாகவே பேசுகிறார். 4ய + 3ர + 2 = ய×ர என்ற அவருடைய எடுத்துக்காட்டு (ய − 3)(ர − 4) = 14 ஆகிறது; 14ஐ 1×14, 2×7 என்று பிரித்தால் (4, 18), (17, 5), (5, 11), (10, 6) என்ற விடைகள். செவ்வகம் வரைந்தும் அவர் நிறுவுகிறார். ஆனால் பாவிதம் என்பது அந்தப் பெருக்கலுக்கும், அது வரும் சமன்பாட்டு வகைக்கும் உள்ள பெயர். அதை அப்படியே வகையின் பெயராக வைத்துக்கொள்வோம்: பாவிதச் சமன்பாட்டைச் செவ்வகப்பூர்த்தியால் தீர்க்கிறோம்.

"குறை முழுக்களுக்குச் செவ்வகம் ஏது?" என்று இந்த இழையில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். −6×−6 காரணிகளுக்குப் படம் வராதுதான். வர்க்கப்பூர்த்தியிலும் பக்கம் குறையெண்ணாக வருகிறது, அதற்காக யாரும் பெயரை மாற்றவில்லை. பெருக்கலின் கெழு 1 இல்லாதபோதும் பெயர் பொருந்தும்: 2ம×ந + 3ம + 5ந = 7 என்றால் இருபுறமும் 2ஆல் பெருக்கி 15 கூட்ட (2ம + 5)(2ந + 3) = 29.

சொற்பட்டியலுக்கான வரையறை இப்படி இருக்கலாம்: "செவ்வகப்பூர்த்தி: இரு மாறிகளின் பெருக்கலும் அவற்றின் ஒருபடி உறுப்புகளும் கொண்ட கோவையுடன் தகுந்த மாறிலியைக் கூட்டி, இரு ஒருபடிக் காரணிகளின் பெருக்கலாக மாற்றும் முறை." 'தகுந்த மாறிலி' என்பதற்கு 'மூலை உறுப்பு' என்று தனிச்சொல் வைக்கலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம், 'மூலம்' பக்கத்திலேயே வரும்போது காதில் குழப்பும். அதற்கு நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.