கறியும் கரியும் ஸ்பானிஷும்

ஆம்பூரிலிருந்து:

ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் 11 வருஷமாக இருக்கிறேன். எங்களிடம் சரக்கு எடுப்பவர்களில் ஒருவர் ஸ்பெயினில் எல்ச்சே ஊர்க்காரர். அதுவும் நம் ஆம்பூர் மாதிரி ஷூ தைத்தே பிழைக்கும் ஊர். இரண்டு பேரும் அரைகுறை ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுவதற்குப் பதில் அவர் பாஷையைக் கொஞ்சம் கற்றுக்கொள்வோம் என்று ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் ஓய்வு பெற்ற இங்கிலாந்துக்காரர் ஒருவரும் இருந்தார்.

அதே ஏ பி சி டி எழுத்துதானே, ஆங்கிலம் தெரிந்தவனுக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன். வினையே அங்கேதான். தக்காளிக்கான சொல்லைத் திரையில் பார்த்ததும் 'டொமேட்' என்று வாசித்தேன். டீச்சர் சிரிக்காமல் 'தொமாத்தே' என்றார். அவர்களுடைய டி (T) நம்முடைய 'த'. நாக்கு நுனி பல்லில் பட வேண்டும். பிறந்ததிலிருந்து வாயில் இருக்கும் எழுத்து, ஆனால் ஆங்கில எழுத்தைக் கண்டாலே நாக்கு மேலே மடிந்து 'ட' என்கிறது. இங்கிலாந்துக்காரர் பாடு வேறு. 'ப', 'த', 'க' எதைச் சொன்னாலும் கூடவே புஸ்ஸென்று காற்று வரும். 'நோ' என்றால் 'நோஉ' என்று வால் முளைக்கும். அந்தச் சிக்கல் நமக்கு இல்லை. அ, எ, இ, ஒ, உ, இந்த ஐந்துதான் அவர்களுக்கும் உயிர். ஆங்கிலம் மாதிரி இடத்துக்கு இடம் நிறம் மாறாது.

அடுத்த வாரமே புத்தகத்தை மூடிவிட்டு, காதில் விழுந்ததைத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். லாஸ்டுக்கு, அதாவது ஷூ தைக்கும் கால் அச்சுக்கு, 'ஓர்மா' (முன்னால் ஒரு எச் எழுதுவார்கள், வாயில் வராது). ஷூவின் அடிப்பாகமான சோலுக்கு 'ஸ்வேலா'. ஒன்றுமில்லை என்பதற்கு 'நாதா'. 'அது' என்னும்போது நம் 'த' மெலிகிறதே, அதே மெலிவு. 2019-ல் மாவட்டம் பிரிந்து நாங்கள் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டாலும் எங்கள் இன்வாய்ஸில் வேலூர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை எல்ச்சேக்காரர் 'பெயோரே' என்றுதான் படிப்பார். அவர்களுக்கு வி-யும் (V) பி-யும் (B) ஒன்று, இரண்டு எல் சேர்ந்தால் 'ய'. நான் தக்காளியைக் கெடுத்தேன், அவர் வேலூரைக் கெடுத்தார், கணக்கு சரி.

ர, ற விஷயம்தான் சுவை. 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதையே நாக்கு அதிர 'பெற்ர்ரோ' என்றால் நாய். பள்ளியில் தமிழ் ஐயா கரி, கறி என்று மாறி மாறிச் சொல்லச் சொல்லி உயிரை எடுப்பார். வெளியே வந்தால் பிரியாணிக் கடையில் எல்லாமே ஒரே கரிதான். முப்பது வருஷம் கழித்து அந்த 'ற' வேண்டியிருந்தது, வரவில்லை. கடைசியில் வழி காட்டியது பாலாற்று மணலில் ஆடு ஓட்டும் ஒரு தாத்தா. 'ட்ர்ர்ர்' என்று அவர் விரட்டும் ஒலிதான் அது! பத்து நாள் காலையில் பல் தேய்க்கும்போது ஆடே இல்லாமல் ஆடு ஓட்டினேன். வீட்டில் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம்.

இவ்வளவு வந்தும் மாட்டிக்கொண்டது அழுத்தத்தில். நமக்கு ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, அதனால் காதே அதைக் கவனிப்பதில்லை. ஒரு திங்கட்கிழமை போனில் எல்ச்சேக்காரர் 'பாகோ எல் பியெர்னெஸ்' என்றார். வெள்ளிக்கிழமையே பணம் கட்டியாகிவிட்டது என்று புரிந்துகொண்டு அக்கவுண்ட்ஸில் சொல்லிவிட்டேன். அவர்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டை மேலும் கீழும் புரட்டி, பணத்தைக் காணோமே என்று சாயங்காலம் என் மேல் பாய்ந்தார்கள். 'பா'வை அழுத்தினால் 'கட்டுகிறேன்', 'கோ'வை அழுத்தினால் 'கட்டினார்'. மனுஷன் வருகிற வெள்ளியைச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஓ தலையில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம்.

காட்பாடியிலிருந்து:

அண்ணா, நீங்கள் பணத்தோடு தப்பித்தீர்கள். என் மானம் போனது. காலேஜில் ஸ்பானிஷ் எனக்கு விருப்பப் பாடம். வாய்மொழித் தேர்வில் வயதைச் சொல்ல வேண்டும். 'தெங்கோ பெய்ன்தே ஆஞோஸ்', அதாவது எனக்கு இருபது வயது. அந்த 'ஞோ'வுக்கு 'என்' (N) எழுத்து மேல் ஒரு நெளிகோடு வரும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையே 'நாயித்துக்கெழமை'தான், 'ஞ' எங்கிருந்து வரும்? 'ஆனோஸ்' என்று அடித்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த மேடம் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டார். எனக்கு இருபது ஆசனவாய் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன் என்பது ரூமுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மார்க் போட்டார்கள், பாவம்.

வாணியம்பாடியிலிருந்து:

ஜே எழுத்தை யாருமே சொல்லவில்லையே பாய். எல்லாரும் 'ஹ' என்று மெதுவாகச் சொல்லித் தருகிறார்கள். ஸ்பெயின்காரர்கள் பலர் தொண்டையை உரசித்தான் சொல்வார்கள். வீட்டில் உருது பேசும் எங்களுக்கு அது ஓசி. 'கபர்' என்றால் செய்தி, அதில் முதலில் உரசுகிறதே, அதே ஒலி. பேனாவை 'கலம்' என்று சுத்தமாகச் சொல்ல வேண்டியதையும் நாங்கள் தொண்டையில் உரசித்தான் சொல்வோம், வடக்கே போனால் அதற்குக் கேலி. எங்கள் தோல் பதனிடும் டேனரிக்கு வந்த ஸ்பெயின் இன்ஸ்பெக்டர் அதே தொண்டையைக் கேட்டுவிட்டு, ஸ்பெயினில் எந்த ஊரில் இருந்தாய் என்றார்!

இன்னொன்று. கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேருமா என்று பேச்சு வந்தபோது அவர் 'ஒஹலா' என்றார், கடைசி 'லா'வை அழுத்தி. அல்லாஹ் நாடினால் என்ற அரபு வாக்குதான் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது, அரபு ஆட்சி அங்கே இருந்த காலத்து மிச்சம். எனக்கு அப்போது அது தெரியாது. பழக்கத்தில் நானும் 'இன்ஷா அல்லாஹ்' என்றேன். அவர் பதில் கிடைத்த மாதிரி தலையாட்டிவிட்டு அடுத்த தோலைப் புரட்டினார்.