வெள்ளத்துல வந்த பொம்மி: எந்த நாள நினைவு நாளா வைக்கிறது?

பொம்மி_அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க நாய் பொம்மி போன மாசம் போயிட்டா. 2015 டிசம்பர்ல அடையாறு பெருகி முடிச்சூர் முழுக்க தண்ணியில நின்னுச்சுல்ல, அந்த வாரம் ஒரு பூட்டுன வீட்டு மொட்டமாடில தனியா நின்னவள, படகுல ஆளுங்கள ஏத்திட்டு வந்த பசங்க அவளையும் தூக்கிட்டு வந்து எங்க தெருமுனையில எறக்கி விட்டாங்க. காது நுனியில கருத்தடை ஆபரேஷன் அடையாளமா வெட்டு இருந்துச்சு, அதனால அந்தப் பக்கத்து தெருவுல வளந்தவதான்னு தெரிஞ்சுது, ஆனா யாரும் தேடி வரல. டாக்டர் பல்ல பாத்துட்டு ரெண்டு ரெண்டர வயசு இருக்கும்னார். அதுக்கு முன்னாடி என்ன பேரு, எங்க பொறந்தா, யாரு சோறு போட்டா, எதுவுமே தெரியாது.

மழ சத்தம் கேட்டா போதும், எந்த ரூம்ல படுத்திருந்தாலும் எழுந்து மாடிப்படி ஏறி மேல கதவுகிட்ட போய் உக்காந்துக்குவா. மழ விட்டாதான் எறங்குவா. கடைசி வருஷம் கிட்னி போய், ரத்தத்துல கிரியாட்டினின்ங்கிற கழிவு ஏறி, தோலுக்கு அடியில சலைன் ஏத்திட்டு இருந்தப்ப கூட, படியேற முடியாம மொத படியில முன்னங்கால வெச்சுட்டு என்னைய திரும்பி பாப்பா, நான் தூக்கிட்டு போய் மேல உக்கார வைப்பேன்.

அப்பா வீட்டுக் கொல்லையில பொதச்சோம். இப்ப என் கேள்வி என்னன்னா, வருஷா வருஷம் அவள நெனச்சு ஏதாவது செய்யணும்னு பொண்ணு கேக்குறா, பொறந்த நாள் தெரியாது, எந்த நாள வைக்கிறது? படத்த மாட்டி வெளக்கேத்தலாம்னா அத்தை வேண்டாங்குறாங்க, மனுஷங்களுக்கு செய்றத நாய்க்கு செய்யக்கூடாதாம். அவங்க மேல எனக்கு கோவம் இல்ல, பொம்மிக்கு தயிர் சோறு பெசஞ்சு ஊட்டுனவங்களே அவங்கதான். இன்னொண்ணு, வீட்ல இன்னொரு நாய் இருக்கான், மணி, அவனும் சரியா சாப்பிடல, பொம்மியோட சாக்கு மேலயே போய் படுத்துக்குறான். இதுலாம் பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

வேப்பமர_வீடு:

ரொம்ப கஷ்டமா இருக்கு சிஸ்டர். மொதல்ல மணிய பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். கூட இருந்த நாய் போச்சுன்னா கொஞ்ச நாள் சாப்பாடு கொறயும், வாசப்படியில காத்திருக்கும், அவ படுத்த எடத்துல போய் மோந்து பாக்கும், இதெல்லாம் நெறய வீட்ல பாத்திருக்கேன். ஆனா ஏக்கம்தான்னு நெனச்சு விட்றாதீங்க. ரெண்டு நாளா எதையுமே தொடலன்னாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, மேல கை வெச்சா சூடா இருந்தாலோ டாக்டர்கிட்ட போய் ரத்தம் எடுத்து பாருங்க. நம்ம ஊர்ல உண்ணிக் காய்ச்சலும் இப்படித்தான் ஆரம்பிக்கும், துக்கம்னு நெனச்சே நாள் ஓடிடும்.

அந்த சாக்க இப்ப தொவைக்காதீங்க, அவ வாசன அதுல இருக்கு, அவனா வெலகுற வரைக்கும் கெடக்கட்டும். வாக்கிங், சாப்பாடு எல்லாம் பழைய டைம்லயே நடக்கட்டும். துணைக்குன்னு ஒடனே ஒரு குட்டிய கொண்டு வந்து விட வேண்டாம், பெரிய நாய்க்கு அது இன்னொரு தொந்தரவு.

நாள் விஷயத்துல என் கருத்து, போன நாளதான் வைக்கணும். திதி பாத்து செய்யணும்னு இல்ல, இங்கிலீஷ் தேதியே போதும். அழணும்னு தோணுற நாள் அதுதான், அத மறைச்சு வேற நாள் வெச்சா அந்தத் தேதி வர்றப்ப தனியா ஒக்காந்து அழுவோம்.

கல்வெட்டுப்_பித்தன்:

அக்கா, உங்க அத்தை கிட்ட ஒரு விஷயம் சொல்லுங்க, சண்டைக்கு இல்ல, அவங்களுக்கு பிடிக்கும்னு தோணுது. திருவண்ணாமலை மாவட்டம் தண்டராம்பட்டு பக்கம் எடுத்தனூர்னு ஒரு ஊரு. அங்க 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒண்ணு இருக்கு, மகேந்திரவர்ம பல்லவனோட 34ஆவது ஆட்சியாண்டு. கருந்தேவக்கத்திங்கிற வீரன் செத்துப் போனான், அவனோட நாய், கள்ளன் ரெண்டு பேர கடிச்சுட்டு அவன விட்டுப் போகாம காவலுக்கு நின்னுச்சு. கல்லுல வீரன் பக்கத்துல நாயையும் செதுக்கி, கோவிவன்னு அதோட பேரையும் வெட்டி வெச்சிருக்காங்க. பல்லவர் காலத்துல எத்தன பேரோட பேரு நமக்கு தெரியும் சொல்லுங்க, ஒரு நாயோட பேரு தெரியுது! அத மொதமொத படிச்சப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துடுச்சு.

கர்நாடகாவுல ஆதகூர்ல இன்னொண்ணு. தக்கோலம் போர்ல, அதான் நம்ம ராஜாதித்த சோழன் 949ல இறந்த போர், ஜெயிச்ச ராஷ்டிரகூட மன்னன் மூணாம் கிருஷ்ணன் கிட்ட மணலேரான்னு ஒரு வீரன் பரிசா காளிங்கிற வேட்டை நாய கேட்டு வாங்கிக்குறான். அது காட்டுப்பன்னியோட சண்ட போட்டு, பன்னியும் செத்து நாயும் செத்துப் போச்சு. அதுக்கு கோயில் முன்னாடி கல்லு நட்டு, நெலம் விட்டு, கல்லுக்கு பூசை பண்ணாம பூசாரி சாப்பிட்டா பாவம்னே எழுதி வெச்சுட்டாங்க. இப்ப அந்தக் கல்லு பெங்களூர் மியூசியத்துல இருக்கு.

அதனால நாய்க்கு செய்யக் கூடாதுன்னு நம்ம முன்னோருங்க நெனைக்கல. பூசை ரூம்ல வேண்டாம்னா ஹால்ல மாட்டுங்க, மாடிப்படி பக்கத்துலயே மாட்டுங்க, அது அவ எடம்தானே. அத்தைக்கு சாமி நம்பிக்கை இருந்தா பைரவரோட வாகனமே நாய்தான், தேய்பிறை அஷ்டமி அன்னைக்கு தெரு நாய்ங்களுக்கு சோறு போடுற பழக்கம் நெறய பேருக்கு இருக்கு, அவங்க கையாலயே போட சொல்லுங்க.

தெருமுனை_தோழி:

நான் வேப்பமர வீடு சொல்றத ஒத்துக்க மாட்டேன். போன நாள்ல ட்ரிப்பும் ஊசியும் அவ பட்ட பாடும்தான் ஞாபகம் வரும். தெருவுலேர்ந்து வந்த நாய்க்கு வீடு கெடச்ச நாள்தான் பெரிய நாள். உங்களுக்கு அது தெரியுது, எந்த வாரம், எந்த தண்ணி, எந்த தெருமுனைன்னு எல்லாமே தெரியுது, டிசம்பர்லயே வைங்க. பொண்ணுக்கும் அன்னைக்கு சொல்ல ஒரு கதை இருக்கும்.

இன்னொண்ணு, இப்பவே எழுதி வைங்க. படம் போன்ல ஆயிரம் இருக்கும், ஆனா அந்த மொத படியில கால வெச்சு திரும்பி பாத்தான்னு எழுதுனீங்களே, அது எந்தப் படத்துலயும் இருக்காது. என்ன சத்தத்துக்கு காது தூக்குவா, யாரு வண்டிய தூரத்துலயே கண்டுபிடிப்பா, எந்த பிஸ்கட்ட துப்பிடுவா, எல்லாத்தையும். பொண்ணயும் அத்தையையும் தனித்தனியா எழுத சொல்லுங்க, ஒரே நாய பத்தி மூணு பேரும் மூணு விஷயம் சொல்வீங்க. வீடியோவ போன்ல மட்டும் வெச்சிருக்காதீங்க, கம்ப்யூட்டர்லயும் ஒரு காப்பி போட்ருங்க, கொரைக்கிற சத்தம் அதுல மட்டும்தான் இருக்கும்.

பிரிக்காத சலைன் பாட்டில், கிட்னி சாப்பாட்டு பாக்கெட் மிச்சம் இருக்கும்ல? எக்ஸ்பயரி தேதி பாத்துட்டு உங்க டாக்டர்கிட்டயோ பக்கத்து காப்பகத்துலயோ குடுத்துடுங்க, அதுக்கு செலவழிக்க வழி இல்லாம தவிக்கிறவங்க இருக்காங்க.

பொம்மி_அம்மா:

படிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன், ஆனா நல்லா இருந்துச்சு. கோவிவன் கதைய அத்தைக்கு படிச்சு காமிச்சேன், பேரெல்லாம் போட்டிருக்காங்களான்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க. படிக்கட்டுக்கு மேல மாட்டிக்கோன்னு அவங்களே சொல்லிட்டாங்க, அஷ்டமி எப்ப வருதுன்னு காலண்டர் பாக்குறாங்க. மணிக்கு ரத்த டெஸ்ட் பண்ணோம், உண்ணிக் காய்ச்சல் இல்ல, நேத்து கொஞ்சம் சிக்கன் சோறு சாப்பிட்டான். டிசம்பர்தான்னு முடிவு பண்ணிட்டோம். வாசல்ல அவ பேர்ல தெரு நாய்ங்களுக்கு ஒரு தண்ணித் தொட்டி வைக்கலாம்னு பொண்ணு சொல்றா, எந்த மாதிரி வாங்கணும்?

தெருமுனை_தோழி:

சிமெண்ட் தொட்டியே வாங்குங்க, ரோட்டோரமா பூந்தொட்டி விக்கிறவங்க கிட்ட கெடைக்கும், பிளாஸ்டிக்னா மாடு முட்டி கவுத்துடும். ஆழம் கம்மியா அகலமா எடுங்க, குட்டி விழுந்தாலும் ஏறி வந்துடும். புது சிமெண்ட்ல சுண்ணாம்பு எறங்கும், அதனால சில நாள் தண்ணி ஊத்தி ஊத்தி கொட்டிட்டு அப்புறமா வெளிய வைங்க. தெனமும் தண்ணி மாத்துங்க, வாரத்துக்கு ஒரு தடவையாவது உள்பக்கத்த நாரு போட்டு நல்லா தேய்ங்க, டெங்கு கொசு முட்டை சொவத்துலதான் ஒட்டிட்டு இருக்கும், தண்ணிய மட்டும் கொட்டுனா போகாது. பேர பெயிண்ட்ல எழுதுறதா இருந்தா வெளிப்பக்கம் எழுதுங்க, உள்ள வேண்டாம்.