கால் பெருவிரல் மூட்டுப் புடைப்பு: பார்த்துப் பழகியவர்கள் சொல்வது

தக்கலை, பிசியோதெரபி:
துருத்திக்கொண்டு நிற்பது புதிதாக வளர்ந்த எலும்பு இல்லை. பெருவிரலுக்குப் பின்னால் பாதத்தில் இருக்கும் நீள எலும்பு மற்ற காலின் பக்கமாக விலக, விரல் நுனி இரண்டாம் விரல் மேல் சாய்கிறது. விலகிய எலும்பின் தலைதான் அந்தப் புடைப்பு. அதனால் எண்ணெய் போட்டு உருவினாலும் அது உள்ளே போகாது. விரலை இழுத்துப் பிடிக்க ராத்திரி மாட்டுகிற பட்டையும் அப்படித்தான்; மாட்டியிருக்கும் நேரம் சுகம், பெரியவர்களுக்கு எலும்பை நேராக்காது.

எக்ஸ்ரேயை நின்றுகொண்டு எடுக்கச் சொல்லுங்க. படுத்து எடுத்தால் விரல் சாய்ந்த கோணத்தைக் குறைத்துக் காட்டும். 15 டிகிரிக்குள் இருந்தால் இயல்பு, 40-ஐத் தாண்டினால் கடுமை. ரிப்போர்ட்டில் இந்தச் சாய்வுக்கு 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்று இருக்கும்.

பயிற்சி: பெருவிரலைக் கையால் நேராக இழுத்து 10 விநாடி, 10 தடவை. கெண்டைச் சதை இறுக்கமானவர்கள் சுவரில் கை ஊன்றி, குதிகால் தரையில் இருக்க, 30 விநாடி வீதம் 3 தடவை. வலி குறையும், வளைவு போகாது.

மார்த்தாண்டம், செருப்பு வேலை:
தக்கலை அண்ணன் சொன்ன வலியில் பாதி செருப்பிலேயே தீரும். கடிக்குதுன்னு ஒரு சைஸ் பெரிசு வாங்குவாங்க. அகலம் போதாமல் நீளம் மட்டும் கூடினால் கால் முன்னால் வழுக்கி விரல் இன்னும் நெருங்கும். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கின நேரத்தில், பேப்பரில் நின்று பாதத்தைச் சுற்றி வரைந்து கடைக்குக் கொண்டு போங்க. ஷூவை மேலே வைத்தால் கோடு வெளியே தெரியக்கூடாது. முன்னால் 1 செ.மீ. இடம் வேணும். வாரோ தையலோ புடைப்பு மேல் ஓடக்கூடாது. தோலைக் கட்டை போட்டு அகட்டலாம். ரெக்சின் விரிசல் விடும். ரப்பர் பால்வெட்டுக்குப் போடுற கம்பூட்டை அகட்ட வழியில்லை, வாங்கும்போதே பாத்துக்கிடுங்க.

நாகர்கோவில், ஆர்த்தோ வார்டு நர்ஸ்:
ராத்திரி திடீர்னு மூட்டு சிவந்து, சூடாகி, போர்வை பட்டாலே துடித்தால் அது யூரிக் ஆசிட் வாதமாக இருக்கலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியாகவும் காட்டும். அதை நம்பி விட்டுடாதீங்க.

சுகர் உள்ளவங்க கால் ஆணிக்கு ஒட்டுற மருந்து பிளாஸ்டரைப் புடைப்பில் ஒட்டவே கூடாது. அதிலுள்ள சாலிசிலிக் ஆசிட் தோலை அரித்துப் புண்ணாக்கும், மரத்த காலில் தெரியாது. விரலிடையில் வைக்கிற சிலிக்கான் துண்டு நல்லதுதான். ஆனால் ஆனி, ஐப்பசி மழையில் ஈரத்தோடு கிடந்தால் சேற்றுப்புண் வரும். தினமும் கழற்றிக் கழுவி உலர்த்தணும்.

செருப்பு மாற்றியும் நடக்க முடியாத வலி இருந்தால் மட்டும் ஆபரேஷன். எலும்பை வெட்டி நகர்த்தி ஸ்க்ரூ போடுவாங்க. சுமார் 6 வாரம் கெட்டி அடி ஷூ, வீக்கம் வடிய மாதங்கள் ஆகும், சிலருக்குத் திரும்பவும் சாயும். கல்யாணத்துக்கு ஹீல்ஸ் போடணும்னு கேட்டு வர்றவங்களும் உண்டு. அதுக்கு இது இல்லை.

ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் எலும்பு ஓ.பி.க்கு வந்தால் புதுச் செருப்பில் வராதீங்க. தினமும் போடுறதையே போட்டு வாங்க, தேய்ஞ்ச இடம் பார்த்தாலே எங்கே அழுத்துதுன்னு தெரிஞ்சுடும்.